கூண்டின் அருகே ஒருவர்

மருந்துகளைப் பற்றிப் படிக்கும்போது, கண்டுபிடித்தவரின் பெயரை மனப்பாடம் செய்கிறோம். அம்மருந்தை முதலில் தன் உடலில் தாங்கிய எலியையோ, அவ்வெலியைப் பேணியவரையோ நாம் நினைப்பதில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் அப்படிப் பேணுபவரே கால்நடை மருத்துவ உதவியாளர்.

என் பழைய மாணவர் ஒருவர் அப்பணியில் இருக்கிறார். என்னைக் காண வந்த அவரிடம், "வளர்த்த உயிரைச் சோதனைக்குக் கொடுக்க உன் மனம் ஒப்புகிறதா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. "ஒப்பாத நாளும் உண்டு, ஐயா. ஆனால் நான் விலகினால் எலிக்கு விடுதலை கிடைக்காது, அதைக் கவனிக்க ஓர் ஆள் குறையும், அவ்வளவே" என்றார். பிறகு தம் வேலையை விளக்கினார்.

காலையில் அவர் முதலில் செய்வது உற்றுப் பார்ப்பது. சுண்டெலி பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. ஆதலால் தன் நோவை மறைத்துக்கொள்ளும். ரோமம் சிலிர்த்திருத்தல், முதுகு கூனியிருத்தல், கண் இடுங்கியிருத்தல், தீனி குறைதல் ஆகியவையே அதன் முறையீடுகள். அவற்றைக் கண்டதும் மருத்துவரிடம் அறிவிக்க வேண்டும். அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் விளக்கு 12 மணி நேரம் எரிந்து, 12 மணி நேரம் அணைந்திருக்க வேண்டும். நம் செவிக்கு எட்டாத மீயொலியும் எலிக்குக் கேட்குமாதலால், கருவிகளின் இரைச்சலையும் கவனிக்க வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு? இரக்கம் ஒரு காரணம். உண்மை மற்றொரு காரணம். அஞ்சிய எலியின் இதயத் துடிப்பும் இரத்தத்திலுள்ள சுரப்புநீர்களும் மாறிவிடும். அப்போது நாம் அளப்பது மருந்தின் விளைவையா, அச்சத்தின் விளைவையா? எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதே நெடுநாள் வழக்கம். அவ்வாறு தூக்கிய எலிகளைவிட, குழாயினுள் புகவிட்டோ குவித்த கைகளில் ஏந்தியோ எடுத்த எலிகள் குறைவாகவே அஞ்சுகின்றன என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினார்கள். கை மென்மையானால் கணக்கும் நேராகிறது.

விலங்கின்றி முடியுமாயின் வேறு வழி நாடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை ரஸ்ஸல், பர்ச் என்ற ஆங்கில அறிஞர்கள் 1959-இல் வகுத்தார்கள். நம் நாட்டில் மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சி, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழிகோலியது. நூலும் உருமாதிரியும் திரைப்படமும் போதுமாயின், கல்லூரிகளில் விலங்குச் சோதனையை இயன்றவரை தவிர்க்க வேண்டுமென்பது அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று.

மாணவர் விடைபெற்றுச் சென்றபின் என் கேள்வியையே எண்ணிக்கொண்டிருந்தேன். நாள்தோறும் மாத்திரை விழுங்கும் நானும் அக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவனே. அவரோ தம் விடையை ஒவ்வொரு காலையும் கூண்டின் அருகே நின்று சொல்லி வருகிறார். உங்களுள் எவரேனும் அப்பணியை மேற்கொண்டால், மனம் மரத்துப்போக விடாதீர்கள். அங்கே உங்கள் மனமும் ஓர் அளவுகருவியே.