கடைசி இரண்டு மாதம் கறக்க வேண்டாம்

நத்தம் பக்கம் மாங்காய்க் காசு வருஷத்துக்கு ஒருமுறை வரும். அன்றாடச் செலவுக்குக் கை கொடுப்பது கொட்டிலில் நிற்கும் ஒன்றிரண்டு கறவை மாடுகள்தான். அதனால்தான் நிறைமாதச் சினை மாட்டைக்கூட, "இன்னும் ரெண்டு லிட்டர் வருதே" என்று கறந்துகொண்டே இருக்கிறோம். அந்த இரண்டு லிட்டருக்கு அடுத்த ஈற்றில் பல மடங்கு விலை கொடுக்க நேரிடும்.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால், கன்று போட்ட 85 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். பருவத்துக்கு வந்து மாடு கத்துவதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் தீவனச் செலவு. எருமைக்குச் சினைக்காலம் சுமார் 310 நாள் என்பதால் ஆண்டுக்கொரு கன்று எடுப்பது இன்னும் கடினம். வெள்ளாட்டுக்கு ஐந்தே மாதம். நன்றாகப் பராமரித்தால் இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம்.

வருஷக் கணக்கில் பசுவுக்குக் கறவை 305 நாள், ஓய்வு 60 நாள். இந்த ஓய்வு வீணான காலம் இல்லை. மடியில் பால் சுரக்கும் திசுக்களில் தேய்ந்த செல்கள் போய்ப் புதியவை உருவாவது அப்போதுதான். வயிற்றுக் கன்று வேகமாக எடை கூடுவதும் அதே மாதங்களில். கறந்துகொண்டே இருந்தால் தாய் இளைக்கும், அடுத்த ஈற்றில் பாலும் குறையும்.

சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஏழாம் மாதம் முடிந்ததும் அடர்தீவனத்தைக் குறைத்துக் கறவையை நிறுத்திவிடலாம். மடிநோய் வந்துபோன மாடாக இருந்தால், கடைசிக் கறவைக்குப் பின் காம்புக்குள் ஏற்றும் மருந்தைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

சீம்பால் மடியில் சேர்வதும் அந்தக் கடைசி வாரங்களில்தான். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே கிடைத்துவிடுகிறது. மாடு, ஆடுகளில் நஞ்சுக்கொடி அதைக் கடத்துவதில்லை. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்குத் தேவையானது முழுக்கச் சீம்பாலில்தான் இருக்கிறது. அதைக் குடல் உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது, அது வேண்டாம். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் முதல் பாலைக் கொடுத்துவிடுங்கள். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு போக வேண்டும்; 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அது போக மிஞ்சுவதைக் கருப்பட்டி போட்டு அவித்து, வழக்கம்போல அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.