பார்க்கின்சன் நோயோடு மனச்சோர்வா? பேச்சு சிகிச்சை எப்படி உதவும்?

தாத்தாவுக்கு பார்க்கின்சன். கை நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் முன்புபோல் கோப்பிக் கடைக்குப் போவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம்.

ஏன் வருகிறது?

மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது பார்க்கின்சன். மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனினும் இதில் பாதிக்கப்படுகிறது. அதாவது மனச்சோர்வு இந்த நோயின் ஒரு பகுதி. தைரியக் குறைவு அல்ல. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதன் அறிகுறிகள் தெரிகின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்க்கின்சனில் முகத் தசைகள் இறுகுவதால், சோகம் இல்லாதவரும் சோகமாகத் தெரியலாம். அதனால் முகத்தை மட்டும் பார்க்க வேண்டாம். பிடித்த விஷயங்களில் ஆர்வம் போய்விட்டதா? "நான் எல்லாருக்கும் பாரம்" என்கிறாரா? இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சையில் என்ன நடக்கும்?

அறிவுரை அல்ல, பயிற்சி. இதற்குப் பெயர் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சிபிடி. "கை நடுங்கினா எல்லாரும் பார்ப்பாங்க, வெளியே போக வேணாம்" என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டு, அது சரிதானா என்று சோதிப்பார்கள். உதாரணமாக, மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் கடைக்குப் போய், அரை கிளாஸ் கோப்பி மட்டும் வாங்கிக் குடிப்பது. வீட்டில் முடங்க முடங்க சோர்வு கூடும். அந்தச் சுழலை இப்படிச் சின்னச் சின்ன அடிகளால் உடைக்கிறார்கள்.

பலன் உண்டா?

2011-இல் அமெரிக்காவில் 80 பேரிடம் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு 10 வாரம் சிபிடியும் பெற்றவர்களில் 56 விழுக்காட்டினர் நன்கு தேறினர். சிபிடி பெறாதவர்களில் அது 8 விழுக்காடுதான். உதவுவது எப்படி என்று குடும்பத்தினருக்கும் தனியாகச் சொல்லித் தரப்பட்டது. தொலைபேசி வழி சிபிடியும் பலன் தருவதாக 2020-இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. பாலம் கடந்து தீவுக்கு வரச் சிரமப்படுபவர்களுக்கு இது நல்ல செய்தி.

பினாங்கில் எங்கே தொடங்குவது?

அரசாங்க கிளினிக்கிலோ பினாங்கு பொது மருத்துவமனையிலோ, அடுத்த அப்பாயின்மெண்டில் மனச்சோர்வைப் பற்றியும் பேசுங்கள். மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தமிழ் பேசும் ஆலோசகர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். நீங்களே மொழிபெயர்க்கலாம், ஆனால் பேரப்பிள்ளை முன்னால் தாத்தா மனம்விட்டுப் பேசுவாரா என்று யோசியுங்கள்.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். உடனே பேச யாராவது வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555. சாவதைப் பற்றிப் பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.