எக்ஸெல் செல் போல் ஒரு புரோகிராம்

எக்ஸெல் தொகுப்பைத் திறந்து ஏ1 செல்லில் 50 என டைப் செய்யுங்கள். பி1 செல்லில் ஏ1-ஐ இரண்டால் பெருக்கும் பார்முலாவைக் கொடுங்கள். 100 என வரும். ஏ1-ஐ 60 என மாற்றினால் பி1 தானாகவே 120 ஆகிவிடும். நாம் உறவை மட்டும்தான் சொன்னோம். மற்றதை எக்ஸெல் பார்த்துக் கொண்டது.

புரோகிராம் எழுதும்போது இந்தச் சுகம் கிடைப்பதில்லை. விஷுவல் பேசிக்கில் நான் ஒரு பில் போடும் புரோகிராம் எழுதியபோது, விலை மாறினால், எண்ணிக்கை மாறினால், தள்ளுபடி மாறினால் என மொத்தத்தைக் கணக்கிட மூன்று இடங்களில் கட்டளை தர வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் விட்டாலும் திரையில் பழைய தொகையே நிற்கும். கடைக்காரர் அதைத்தான் வாங்குவார்!

எக்ஸெல் முறையைப் புரோகிராம் மொழிக்கே கொண்டு வர முடியாதா? மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்த கோனல் எலியட்டும் யேல் பல்கலைக் கழகத்தின் பால் ஹுடாக்கும் 1997-ல் வெளியிட்ட ‘ஃப்ரான்’ இதற்கு ஒரு பதில். ஹாஸ்கெல் மொழிக்குள் இயங்கும் இதில், மவுஸ் இருக்கும் இடம் என்பது நேரத்தோடு மாறிக் கொண்டே இருக்கும் ஒரு மதிப்பு. கிளிக் என்பது ஒரு நொடியில் நடந்து முடியும் நிகழ்வு. பந்தின் இடம் மவுஸின் இடம்தான் என ஒரு வரி எழுதினால், பந்து மவுஸோடு ஓடும். லூப் வேண்டாம், டைமர் வேண்டாம். இதற்கு ஃபங்ஷனல் ரியாக்டிவ் புரோகிராமிங் என்று பெயர்.

சிக்கல் இனிமேல்தான். எக்ஸெல் செல்லுக்கு இப்போதைய எண் போதும். ஃப்ரானிலோ மதிப்பு என்றால் அதன் முழு வரலாறும் சேர்ந்ததுதான். பின்னால் எந்த வரி பழைய மதிப்பைக் கேட்குமோ என்று எல்லாவற்றையும் மெமரியில் வைத்திருக்க நேரிடும். ஓட ஓட மெமரி வீங்கும். தேவைப்படும் வரை கணக்கைத் தள்ளிப் போடுவது ஹாஸ்கெலின் வழக்கம். அப்படிச் சேர்ந்த பாக்கியை ஒரே மூச்சில் போட வேண்டி வந்தால் படம் திணறும். இடக் கசிவு, காலக் கசிவு என்று ஆராய்ச்சியாளர்கள் இவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். சரியாக எழுதிய புரோகிராமே இப்படி மூச்சு வாங்கும் என்பதுதான் எனக்கு இதில் வியப்பு.

யேலில் பின்னர் உருவான ‘யாம்பா’ ஒரு கட்டுப்பாடு போட்டது. மாறும் மதிப்பை நேராகக் கையில் எடுக்க முடியாது. அதை வாங்கி மாற்றித் தரும் குழாய்களைத்தான் ஒன்றோடு ஒன்று இணைக்கலாம். எழுதுவது சற்றுக் கடினம். ஆனால் கசிவு நன்றாகக் குறைந்தது. ரோபோக்களைக்கூட இயக்கிப் பார்த்தார்கள்.

2012-ல் எவான் சாப்ளிக்கி ‘எல்ம்’ மொழி மூலம் இதே முறையைப் பிரவுசருக்குக் கொண்டு வந்தார். 2016 மே மாதம் வந்த 0.17 பதிப்பில் அவரே அதை எடுத்தும் விட்டார். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறிய இடம் அது. பெரும்பாலான புரோகிராம்களுக்கு அது அதிகம் தேவைப்படவும் இல்லை. பில் போடும் வேலைக்கு அவர் முடிவு சரி. அனிமேஷன், விளையாட்டு, ரோபோ என்றால் நான் யாம்பா பக்கம்தான்.

ஹாஸ்கெல் ஓரளவு தெரிந்தவர்கள், ஹேக்கேஜ் தளத்திலிருந்து யாம்பாவை இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். முதலில் ஒரு பந்தைத் துள்ள வைத்துப் பாருங்கள்.