அறுபது நாள் மாத்திரை

2001 அக்டோபர் 2, விடியற்காலை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு பத்திரிகை நிறுவனத்தில் புகைப்பட ஆசிரியராக இருந்தவரை, காய்ச்சலும் வாந்தியும் மனக்குழப்பமுமாக மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகத்தில் முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சாயமிட்டுப் பார்த்தபோது, வழக்கமாகத் தென்படும் உருண்டைக் கிருமிகள் அங்கே இல்லை. பருத்த கோல் வடிவக் கிருமிகள் வரிசையாகக் கோத்துக்கொண்டு நின்றன. தொற்றுநோய் நிபுணர் லாரி புஷ் அதைப் பார்த்ததும் ஆந்த்ராக்ஸ் என்று சந்தேகித்தார். நுரையீரல் வழியாக வரும் ஆந்த்ராக்ஸ் 1976-க்குப் பிறகு அந்த நாட்டில் ஒருவருக்குக்கூட வந்ததில்லை.

மாதிரி ஜாக்சன்வில் நகரிலிருந்த மாநில ஆய்வகத்துக்குப் போனது. ஆந்த்ராக்ஸ் கிருமியை அடையாளம் காணப் பயிற்சி பெற்ற ஆள் அங்கே இருந்தார். இத்தகைய ஆபத்தை எண்ணியே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1999-இல் ஆய்வகங்களை ஒரு வலைப்பின்னலாக இணைத்திருந்தது. இரண்டே நாளில் நோய் உறுதியானது. மறுநாள் நோயாளி இறந்தார். நோய் உறுதியான நாளில்கூட, ஓடையில் தண்ணீர் குடித்ததால் இயற்கையாக வந்திருக்கலாம் என்ற பொருள்பட அமெரிக்கச் சுகாதார அமைச்சர் பத்திரிகையாளர்களிடம் பேசினார். உண்மையில் அது அஞ்சல் உறையில் வந்த தூள். 22 பேருக்கு நோய் கண்டது, ஐந்து பேர் இறந்தார்கள்.

தூள் உடலுக்குள் என்ன செய்கிறது?

ஆந்த்ராக்ஸ் கிருமி, சூழ்நிலை ஒத்துவராதபோது கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கி ஸ்போராகிவிடும். மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடந்து மழைக்குப் பின் முளைக்கும் விதைபோல, உடலின் ஈரமும் சூடும் கிடைத்ததும் அது விழித்துக்கொள்ளும். தோலில் காயம் வழியே புகுந்தால் அரிப்புள்ள சிறு பரு வரும். பிறகு அது கொப்புளமாகி, நடுவில் கறுத்த பொருக்குடன், வலியே இல்லாத புண்ணாகும். இந்த வகைக்கு நேரத்தோடு மருந்து கொடுத்தால் உயிராபத்து மிகக் குறைவு.

மூச்சில் போனால் கதை வேறு. முதல் சில நாள் சாதாரணக் காய்ச்சலாகவே தெரியும்: உடல்வலி, அசதி, இருமல். ஆனால் மூக்கு ஒழுகுவது குறைவு. அதன் பிறகு திடீரென மூச்சுத்திணறல். மார்பு எக்ஸ்ரேயில் இரு நுரையீரல்களுக்கும் நடுவிலுள்ள பகுதி அகன்று தெரியும். கிருமி வெளியிடும் நச்சு இரத்தத்தில் பரவிய பிறகு கிருமியைக் கொல்வது மட்டும் போதாது. 2001-இல் மூச்சுவழி நோய் கண்ட 11 பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள். அந்த ஆறு பேருக்கும் நோய் முற்றுவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் தொடங்கியிருந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை இரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள், நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரையும் வடித்தார்கள். நச்சையே கட்டிப்போடும் ராக்சிபாகுமாப் என்ற எதிர்ப்புரத மருந்து அங்கே அனுமதி பெற்றது 2012-இல்தான்.

ஒரு நிம்மதி உண்டு. மூச்சுவழி ஆந்த்ராக்ஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நோயாளியைத் தனிமைப்படுத்த வேண்டிய அவசியமில்லை.

உறை ஒட்டியிருந்தது, தூள் ஒட்டியிருக்கவில்லை

அக்டோபர் 15 அன்று வாஷிங்டனில் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரின் அலுவலகத்தில் ஓர் உறை திறக்கப்பட்டது. அங்கிருந்த ஊழியர்களின் மூக்கில் உடனே மாதிரி எடுத்தார்கள், சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரையும் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. சரியான வைத்தியம், சரியான வேகம்.

அதே உறை அதற்கு முன் பிரென்ட்வுட் அஞ்சல் பிரிப்பு நிலையத்தின் எந்திரங்களில் நசுங்கி வந்தது. ஒட்டிய உறையிலிருந்து தூள் வெளியேறாது என்று அதிகாரிகள் நினைத்தார்கள். காகிதத்துக்கும் நுண்துளைகள் உண்டு, எந்திரம் அழுத்தும்போது அவற்றின் வழியே ஸ்போர் பீறிட்டு வரும் என்பது பிறகுதான் உறைத்தது. நிலையத்தை மூடியது அக்டோபர் 21-இல். அன்றும் மறுநாளுமாக அங்கே வேலை பார்த்த இருவர் இறந்தார்கள். ஒருவர் அவசர உதவி எண்ணை அழைத்து, தனக்கு ஆந்த்ராக்ஸ் என்று சந்தேகிப்பதாகச் சொல்லியிருந்தார். இன்னொருவரை மருத்துவமனை பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

கடிதம் யார் பெயருக்கு வந்தது என்று பார்த்தவர்கள், அது யார் யார் கையைக் கடந்து வந்தது என்று பார்க்கவில்லை. அறிவியல் அறியாமை என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம், ஓரளவு அது உண்மையும்கூட. ஆனால் ஆறு நாள் அதிகம். செனட் ஊழியருக்குச் சந்தேகத்தின்பேரிலேயே கிடைத்த மாத்திரை, அஞ்சல் ஊழியருக்கு ஆதாரம் கேட்டது.

அறுபது நாள் ஏன்?

நோயே வராத ஒருவர் இரண்டு மாதம் மாத்திரை விழுங்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. விடை சோவியத் ரஷ்யாவிலிருந்து வந்தது. 1979-இல் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரின் இராணுவ ஆய்வு நிலையத்திலிருந்து ஸ்போர் காற்றில் கசிந்து, குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சிதான் காரணம் என்று அரசு பல ஆண்டுகள் சாதித்தது. 1992-இல்தான் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் உண்மையை ஒப்புக்கொண்டார். கசிவு நடந்து ஆறு வாரம் கழித்தும் அங்கே சிலர் நோயில் விழுந்திருந்தார்கள். நுரையீரலில் உறங்கும் ஸ்போரை ஆன்டிபயாடிக் கொல்லாது, விழித்தெழும் கிருமியை மட்டுமே கொல்லும். ஆகவே அது விழிக்கும்வரை மருந்து இரத்தத்தில் காவல் இருக்க வேண்டும்.

2001-இல் சுமார் 10,000 பேருக்குச் சிப்ரோஃபிளாக்சசினோ டாக்சிசைக்ளினோ 60 நாளுக்குப் பரிந்துரைத்தார்கள். முழுக்கச் சாப்பிட்டவர்கள் பாதிக்கும் குறைவு. வயிற்றுப் புரட்டலும் ‘எனக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்ற எண்ணமும் சேர்ந்து மாத்திரையை நிறுத்த வைத்தன. சேமிப்புக் கிடங்கு, விமானம், விநியோக முகாம் என்று எல்லாம் தயாராக இருந்தும், நாற்பதாவது நாள் மாத்திரை ஒருவர் வாய்க்குள் போவதை உறுதிசெய்வதுதான் கடினமாக இருந்தது. இன்று இதோடு தடுப்பூசியும் சேர்த்துப் பரிந்துரைக்கிறார்கள்.

அந்த உறைகளை அனுப்பியவர் அமெரிக்க இராணுவ ஆய்வகத்தின் விஞ்ஞானி ஒருவரே என்று சொல்லி 2010-இல் எஃப்.பி.ஐ. வழக்கை முடித்தது. அவர் 2008-லேயே இறந்துவிட்டதால் விசாரணை நீதிமன்றம் போகவில்லை.

நம் ஊர் அடைப்பான்

இதே ஆந்த்ராக்ஸைத்தான் நம் மாட்டுக்காரர்கள் அடைப்பான் என்கிறார்கள். இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த்தடுப்பு நிறுவனம் இதற்குத் தடுப்பூசி தயாரிக்கிறது. ஆடோ மாடோ திடீரெனச் செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால் தோலை உரிக்கவோ அறுக்கவோ கூடாது. உடலைத் திறந்து காற்றுப் பட்டால்தான் கிருமி ஸ்போராக மாறி மண்ணில் தங்கும். இறைச்சியைப் பங்கு போடுவது அதைவிட ஆபத்து. கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சந்தேகமான தூள் உறை கையில் வந்தால் குலுக்காமல், முகராமல் கீழே வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியேறுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிக் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். மருந்துக்கடையில் சிப்ரோஃபிளாக்சசின் வாங்கி நீங்களாகவே போட்டுக்கொள்ள வேண்டாம். வலியில்லாத கறுப்புப் புண்ணோடு மருத்துவரிடம் போகிறவர், புண்ணைக் காட்டுவதோடு கடந்த இரண்டு வாரத்தில் எந்த ஆட்டை, எந்த மாட்டுத்தோலைத் தொட்டோம் என்பதையும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.