விருந்தாளி வண்டும் நாட்டு வண்டும்

மைசூர் வட்டாரத்தில் பட்டு வளர்ப்போருக்கு மல்பெரி இலையே முதற்பொருள். அவ்விலையைக் கெடுக்கும் பகைகளுள் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி ஒன்று. இது கொழுந்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. அதனால் நுனியிலைகள் கருமை கலந்த பச்சை நிறமெய்திச் சுருண்டு முறுக்கிக்கொள்கின்றன. கணுக்களின் இடைவெளி குறுகிவிடுகிறது. உழவர் இதனைத் 'துக்ரா' என்பர். நஞ்சு தெளித்தால் அதே இலையை உண்ணும் பட்டுப்புழுவும் மடியக்கூடும். ஆகவேதான் மாவுப்பூச்சியைத் தின்னும் பூச்சிகளின் உதவியை நாடுகிறோம்.

இத்தகைய துணைவர் இருவரைக் களப்பணியாளர் நன்கறிவர். கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டு ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை அழிப்பதற்காக 1898ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொணரப்பட்டது. அப்பொழுது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை; மாவுப்பூச்சிகளை ஒழிப்பதிலேயே அது பின்னர்ப் பெயர் பெற்றது. மற்றொன்று ஸ்கிம்னஸ் என்னும் சின்னஞ்சிறு நாட்டு வண்டு. 1961இல் மைசூரில் நிறுவப்பெற்ற மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் இவ்விரண்டையும் துக்ராவுக்குப் பரிந்துரைத்துள்ளது. ஏக்கருக்கு கிரிப்டோலேமஸ் 250 அல்லது ஸ்கிம்னஸ் 500 விடலாம் என்பது அதன் அளவு.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஒரே இரையை நாடும் இருவர் சந்தித்தால் என்ன நேரும்? இரை மிகுந்திருக்கும் வரை பூசல் பெரிதாவதில்லை. இரை குறைந்தவுடன், பெரிய புழு சிறிய புழுவை உண்ணும், முட்டைகளையும் விட்டுவைக்காது. தன் இனத்து முட்டையும் அதற்கு உணவே. எனவே மாவுப்பூச்சி சிறிதேயுள்ள தோட்டத்தில் வண்டுகளை அளவின்றி விடுதல் வீண் செலவாகும். நாம் விட்டவை பகைவனை விடுத்து ஒன்றையொன்று தின்று குறையும்.

இப்பூசல் எவ்வளவு பெரிதாகக் கூடும் என்பதற்கு அசுவினிகளை உண்ணும் ஹார்மோனியா என்னும் ஆசியப் பொறிவண்டு சான்று. இதனை அசுவினி ஒழிப்புக்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேண்டியே விட்டனர். அமெரிக்காவில் 1916இலேயே விட்டபோதிலும், 1988இல்தான் அது அங்கு நிலைபெற்றமை அறியப்பட்டது. பிரிட்டனை 2004இல் எட்டியது. உடல் பெரிது, புழுவின் மேல் முட்கள் உள, உணவில் வேறுபாடு பாராட்டுவதில்லை. அது வந்த ஐந்தாண்டுகளுக்குள், அங்குள்ள இருபுள்ளிப் பொறிவண்டு காணப்பட்ட இடங்கள் பெல்ஜியத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடும் பிரிட்டனில் 44 விழுக்காடும் குறைந்தன. உணவுப் போட்டியோடு, நாட்டு வண்டின் முட்டையையும் புழுவையும் வந்தேறி தின்றதும் இதற்குக் காரணமெனக் கருதப்படுகிறது.

கிரிப்டோலேமஸும் அயல்நாட்டதே, ஆயினும் பெரும்பாலும் மாவுப்பூச்சியையே நாடி வாழ்வதால் அது நமக்கு நற்றுணையாயிற்று. ஆகவே அயலது என்பதனாலேயே ஒன்றை வெறுத்தலும் தவறு. அசுவினியைத் தின்கிறது என்பதனாலேயே வரவேற்றலும் தவறு. அது வேறு யாரைத் தின்னும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இதற்காகவே வெளிநாட்டு நன்மைப் பூச்சிகளையும் முன் அனுமதியின்றிக் கொணரலாகாது என 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை விதிக்கிறது.

களப்பணியாளர் மற்றொன்றையும் உழவருக்கு எடுத்துரைத்தல் நலம். இவ்விரு வண்டுகளின் புழுக்களும் வெண்மையான மெழுகு இழைகளைப் போர்த்தியிருத்தலால் மாவுப்பூச்சி போலவே தோன்றும். பகையெனக் கருதி நசுக்கிவிடுவோர் பலர். ஓரிடத்திலேயே ஒட்டியிருப்பின் பெரும்பாலும் மாவுப்பூச்சி; விரைந்து ஊர்ந்து திரியுமாயின் நண்பன் எனக் கொள்க. சுருண்ட நுனிகளைக் கிள்ளி எரிக்குமுன் அவற்றுள் நண்பர் உளரா என ஒருமுறை பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஓர் எளிய சோதனை. அசுவினி மொய்த்த தட்டைப்பயற்றுக் கொடியில் ஆறுபுள்ளிப் பொறிவண்டின் புழுக்களையும் வேறோர் இனத்துப் பொறிவண்டின் புழுக்களையும் எளிதில் திரட்டலாம். இரு கண்ணாடிக் குப்பிகளில் இனத்துக்கு ஒன்றாக இரண்டிரண்டு புழுக்களை இடுக. ஒன்றில் அசுவினிகளை நிறையவும் மற்றதில் நாலைந்தை மட்டும் வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டுக. மறுநாட் காலையில் எத்தனை புழுக்கள் எஞ்சியுள்ளன என மாணவரே எண்ணட்டும். பலமுறை செய்து முடிவுகளைப் பட்டியலிட்டால், பசி நட்பை எங்கே முறிக்கிறது என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே காண்பர்.