கணவாயும் பிராணவாயுவும்

கணவாய் என்றவுடன் திண்டுக்கல் நாட்டார்க்கு நினைவில் எழுவது நத்தம் கணவாயே, கடற்பிராணியன்று. கடலினின்றும் நெடுந்தொலைவிலுள்ள நமக்கு அஃது இயல்பே. எனினும், அப்பிராணி படும் பாட்டை அறிதற்கு நம்மூர்க் குளக்கரையே தக்க பள்ளிக்கூடமாம்.

சித்திரை மாதத்தில் நீர் வற்றிய குளமொன்றின் கரையில் வைகறையில் நின்று நோக்குக. கெண்டைகள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பகலில் பாசி முதலியன ஞாயிற்றொளியின் துணையால் பிராணவாயுவை வெளியிடும். இரவில் அது நின்றுவிட, நீரிலுள்ள உயிர்களெல்லாம் இருப்பதைச் செலவிட்டுவிடும். ஆதலின் விடியுமுன் நீர் வறுமையுறும். விராலுக்கு மட்டும் கவலையில்லை. அது மேலே வந்து காற்றையே விழுங்கிச் செல்லும்.

கடலிலும் இவ்வறுமை உண்டு. ஆனால் அது பொழுது புலர்ந்தால் தீர்வதன்று. அரபிக்கடலில் ஏறக்குறைய 150 மீட்டர் ஆழத்திலிருந்து 1000 மீட்டர் வரையில் பிராணவாயு மிகக் குறைந்த நீரடுக்கு ஒன்று பரந்து கிடக்கின்றது. 1933-34இல் ஸீமோர் ஸிவெல் என்பாரின் தலைமையில் 'மபாஹிஸ்' என்னும் எகிப்தியக் கப்பலிற் சென்ற ஆராய்ச்சியாளர் இக்கடலின் ஆழங்களை ஆராய்ந்து, உயிர்கள் அரிதாகிய அடித்தளங்களைக் கண்டனர். பருவக்காற்றினால் உரமிக்க அடிநீர் மேலெழ, நுண்ணிய உயிர்கள் பெருகும். பின் மடிந்து அமிழும். அவற்றை அழுகச் செய்யும் கிருமிகள் பிராணவாயுவை உண்டுவிடும். வடக்கே நிலம் அடைத்திருத்தலின் புதுநீர் வந்து கலப்பதும் அரிது. நமது வங்கக்கடலிலும் இத்தகைய அடுக்கு உண்டு.

கணவாய் விராலைப்போல் காற்றை விழுங்க அறியாது. அதன் இரத்தத்தில் இரும்பிற்கு மாறாகச் செம்பு இருத்தலின், பிராணவாயு கலந்தவிடத்து அது நீலநிறம் பெறும்; நமது இரத்தம் சுமக்குமளவு சுமக்கவும் மாட்டாது. இக்குறையோடு, செவுள்களுக்கு இரண்டும் உடலுக்கு ஒன்றுமாக மூன்று இருதயங்களையும் வைத்துக் காக்கவேண்டும். நீரைப் பீச்சி நீந்துதலோ, மீன் வாலசைத்துச் செல்வதினும் செலவு மிக்கது. வரவு சிறிது, செலவு பெரிது என்னும் குடும்பம் இது!

இதற்கு அவை கண்ட வழி சிக்கனமே. கிழக்குப் பசிபிக் கடலின் ஹம்போல்ட் கணவாய் பகலில் வறிய அடுக்கில் இறங்கி, உடற்றொழிலை ஏறக்குறைய ஐந்திலொரு பங்காகக் குறைத்துக்கொண்டு சோம்பிக் கிடக்கும். இரவில் மேலேறி இரைதேடி மூச்சுக்கடனையும் தீர்த்துக்கொள்ளும். பேய்க்கணவாயோ மூச்சுநீரை மிகுதியாக இழுத்து, கிடைப்பதைப் பிரித்துக்கொள்ளும்.

அவ்வடுக்கிலேயே நிலையாகக் குடியிருப்பது வேறொன்று. 1903இல் கார்ல் ஷூன் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதற்கு 'நரகத்து இரத்தக்காட்டேரிக் கணவாய்' எனப் பொருள்படும் பெயரிட்டார். பெயரளவிற்றான் கொடுமை. அது எவ்வுயிரின் இரத்தத்தையும் உறிஞ்சாது. மேலிருந்து விழும் குப்பையைத் தின்று உயிர்வாழும் சாது. உடல் கூழ்போன்றது, தசை சிறிது, ஓட்டமில்லை. அதன் இரத்தம் அரிதாய்க் கிடைக்கும் பிராணவாயுவை இறுகப் பற்றிக்கொள்ளும். பெயரிட்டவர் சற்றுப் பொறுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இச்சிக்கனத்திற்கும் எல்லையுண்டு. வெப்பமேறிய நீர் பிராணவாயுவைக் குறைவாகவே ஏற்கும். 1960 முதல் உலகக் கடல்கள் அதில் நூற்றுக்கு இரண்டு பங்கிற்குமேல் இழந்துவிட்டன என்று 2017இல் கணக்கிட்டுள்ளனர். மேலே வெம்மை, கீழே வறுமை. இடையிலுள்ள இடமோ சுருங்குகின்றது. பிராணவாயு குறையுங்கால் கணவாய்க் குஞ்சுகளின் பார்வை மங்குவதையும் 2019இல் கண்டறிந்தனர். அக்குஞ்சுகள் இரையைக் கண்ணாற் கண்டே பிடிப்பவை.