மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் முதுகுத்தாங்கி

மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் முதுகுத்தாங்கி என்பது, நெடுந்தொலைவுப் பயணத்தில் ஓட்டுபவரின் கீழ்முதுகைத் தாங்குவதற்காக அவருடைய இருக்கைக்குப் பின்னால் பொருத்தப்படும் சிறிய மெத்தைப் பலகை ஆகும். பேச்சு வழக்கில் இது பேக்ரெஸ்ட் எனப்படுகிறது. பின்னிருக்கைப் பயணி சாய்வதற்காக வண்டியின் வால்பகுதியில் பொருத்தப்படும் தாங்கிக்கும் இதே பெயர் வழங்குகிறது. ஆனால் அது ஓட்டுபவரின் முதுகை எட்டாது.

கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட கொங்கு நாட்டில் சமவெளி நெடுஞ்சாலையும் மலைப்பாதையும் ஒரே நாள் பயணத்தில் அடுத்தடுத்து வருகின்றன. முதல் வகைச் சாலையில் உதவும் தாங்கி இரண்டாவதில் இடையூறாகலாம். எனவே மெத்தை எவ்வளவு மென்மையானது என்பதைவிட, செல்லும் சாலை, வண்டியின் அமர்வு நிலை, பின்னால் அமர்பவர் ஆகிய மூன்றையும் கருதியே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதுகுவலிக்கான காரணம்

நிற்கும்போது கீழ்முதுகு இயல்பாக உள்வளைந்திருக்கும். பிடிமானம் இல்லாமல் நெடுநேரம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழன்று அந்த வளைவு தட்டையாகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் மீது அழுத்தம் கூடுகிறது. உடலை நிமிர்த்தி வைக்க முதுகுத் தசைகள் இடைவிடாமல் உழைத்துச் சோர்வடைகின்றன. முதுகுத்தாங்கி இந்த வளைவைக் காத்து, தசைகளின் சுமையைக் குறைக்கிறது.

சாலைக் குழிகளால் வரும் மேல்கீழ் அதிர்வை இது குறைப்பதில்லை. அதற்கு அதிர்வு தாங்கிகள், டயர் காற்றழுத்தம், இருக்கையின் நுரை ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும். வலிக்கு மூலம் அங்கிருந்தால் முதுகுத்தாங்கி வாங்கிப் பயனில்லை.

சாலையும் காற்றும்

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி, பெருந்துறை வழியாகச் சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544 சுமார் 160 கி.மீ. நீளமுடையது. இத்தகைய சாலையில் ஓட்டுபவர் நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்திருப்பதால் முதுகுத்தாங்கி நன்கு பயன்படும்.

காற்றும் கருதத்தக்கது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கு நோக்கி வீசுகிறது. உடுமலை, பல்லடம் பகுதிகளில் காற்றாலைகள் அமைந்ததற்கு இக்காற்றே காரணம். ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து கோயம்புத்தூர் நோக்கி வருபவருக்கு இது எதிர்க்காற்று. காற்றின் விசை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்வதால், காற்றில்லாத நாளிலேயே மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நெஞ்சில் படும் விசை 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. தாங்கி இல்லாதவர் கைப்பிடியை இறுகப் பற்றியே இதை எதிர்கொள்கிறார். அதனால் தோளும் மணிக்கட்டும் வலிக்கின்றன.

மலைப்பாதையின் தேவை வேறு. ஆழியாறு–வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகளும், திம்பம் மலைப்பாதையில் 27 வளைவுகளும் உள்ளன. இங்கு இடுப்பை நகர்த்தி, தோளைத் திருப்பி, வளைவின் மறுமுனையைப் பார்த்து ஓட்ட வேண்டும். உயரமாகவும் அகலமாகவும் உள்ள தாங்கி இந்த அசைவைத் தடுக்கும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னோக்கித் தள்ளப்படுவதால், தாங்கியால் அங்கு பயன் ஏதுமில்லை.

வண்டியின் அமர்வு நிலை

நிமிர்ந்து அமரும் குரூசர், டூரிங் வகை வண்டிகளுக்கு முதுகுத்தாங்கி பொருந்தும். முன்னோக்கிக் குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் முதுகு அதைத் தொடுவதே இல்லை. கரடுமுரடான பாதையில் எழுந்து நின்று ஓட்டுவோருக்கும் இது இடைஞ்சலே.

வகைகள்

* கழற்றக்கூடியது: நிலையான பிடியில் செருகி எடுக்கும் வகை. சமவெளியும் மலையும் கலந்த பயணத்துக்கு ஏற்றது.
* நிலையானது: போல்ட் மூலம் இறுக்கப்படுவது. உறுதியானது, ஆனால் காலைத் தூக்கிப் போட்டு ஏறி இறங்குவது கடினம்.
* படி இருக்கை: ஓட்டுபவரின் இடம் தாழ்ந்தும் பின்பகுதி உயர்ந்தும் இருப்பது. இடுப்பு பின்னோக்கி வழுக்காமல் தடுக்கும். முதுகுக்குப் பிடிமானம் குறைவு.
* பயணப் பை: தனியே செல்வோர் பின்னிருக்கையில் பையை இறுகக் கட்டிச் சாய்வது. செலவில்லாதது, கட்டு தளர்ந்தால் ஆபத்தானது.

அளவும் பொருத்தமும்

வழக்கமாக ஓட்டும் நிலையில், முழங்கை சற்று மடங்கியிருக்க அமர்ந்து மற்றொருவரை அளவெடுக்கச் சொல்வது நல்லது. மெத்தையின் நடுப்பகுதி கீழ்முதுகின் குழிவில் படிய வேண்டும். பெரும்பாலானோருக்கு அக்குழிவு இருக்கையிலிருந்து 15 முதல் 25 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேல்விளிம்பு தோள்பட்டை எலும்புக்குக் கீழே முடிய வேண்டும். தாங்கி முதுகை இலேசாகத் தொட்டால் போதும். அழுத்தித் தள்ளினால் உடல் பெட்ரோல் டேங்கை நோக்கி நகர்ந்து வண்டியைக் கையாளுவது கெடும்.

மிக மென்மையான நுரை விரைவில் அமுங்கிவிடும். கொங்கு வெயிலில் ரெக்சின் உறை வியர்வையைத் தேக்கும் என்பதால், காற்றோட்டமுள்ள துணி உறை மேலானது. முதுகுப்பை அணிந்து ஓட்டுபவருக்கு முதுகுத்தாங்கி பொருந்தாது.

பின்னிருக்கைப் பயணியும் சட்டமும்

திடீரென பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருப்பவர் முன்னோக்கி வழுக்குவார். தாங்கியின் பின்புறம் வெறும் இரும்பாக இருந்தால் அவருடைய நெஞ்சில் அடிபடும். எனவே பின்புறத்திலும் மெத்தை இருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 123 பின்னிருக்கைப் பயணிக்கு நிலையான கைப்பிடி, கால்வைப்பு, ஆடை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் காப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. சில தாங்கிகள் இருக்கையின் குறுக்கே உள்ள பிடிவார் இருக்கும் இடத்திலேயே கட்டப்படுகின்றன. பயணியின் வேறு கைப்பிடியை மறைக்காத தாங்கியையே வாங்க வேண்டும்.

வண்டியின் சட்டகத்தை அறுப்பதோ அதில் வெல்டிங் வைப்பதோ கூடாது. வெப்பம் உலோகத்தின் வலுவைக் குறைக்கக்கூடும். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் மூலம் பொருத்துவதே முறை.

சோதனை ஓட்டமும் வரம்புகளும்

நெடும்பயணத்துக்கு முன், கோயம்புத்தூர்–பொள்ளாச்சி போன்ற சுமார் 40 கி.மீ. தொலைவு ஓட்டிப் பார்த்து, போல்ட்டுகளை மீண்டும் இறுக்குவது நல்லது. முழுச் சுமையுடனும் பின்னால் ஆளுடனும் ஏறி இறங்கிப் பழக வேண்டும்.

முதுகுத்தாங்கி ஓய்வுக்கு மாற்று அன்று. வலி குறைவதால் இடைவேளை இன்றி ஓட்டத் தோன்றும். ஆனால் தூக்கமும் கவனச் சிதறலும் அதனால் குறைவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறங்கி நடக்க வேண்டும். வலி காலுக்குப் பரவினாலோ கால் மரத்துப்போனாலோ, புதிய தாங்கியைத் தேடாமல் மருத்துவரை அணுக வேண்டும்.